பழுதோடு வெளியே போன ரிலீஸ்: அடுத்த எண் எது, முதல் வேலை எது?

2.4.0 என்று எண் போட்டு ரிலீஸை வெளியே விட்டாயிற்று. மூன்று மணி நேரத்தில் புகார்கள் வரத் தொடங்குகின்றன. செயலியைத் திறந்தால் உடனே மூடிக்கொள்கிறது என்பது ஒரு வகைப் புகார். அதைவிட மோசமான வகையும் உண்டு: செயலி ஒழுங்காகத் திறக்கிறது, ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் பதிகிற தேதிகள் எல்லாம் ஒரு நாள் முந்தியதாகச் சேமிக்கப்படுகின்றன.

இந்தப் பதற்றத்தில் புதியவர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை, பிழையைத் திருத்திவிட்டு 2.4.0 என்ற அதே எண்ணில் கோப்பை மாற்றி வைப்பதுதான். ரிலீஸ் ஆகிச் சில மணி நேரம்தானே ஆகிறது, எத்தனை பேர் எடுத்திருக்கப் போகிறார்கள் என்று மனம் சொல்லும். வேறு எந்தத் தவறு செய்தாலும் பிறகு சரிசெய்யலாம். இதைச் செய்தால் சரிசெய்வது மிகவும் கடினம். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

வெளியே போன எண்ணைத் தொடாதீர்கள்

தானாக அப்டேட் ஆகும் மென்பொருள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: என்னிடம் இருக்கும் எண்ணைவிடப் பெரிய எண் ஏதாவது இருக்கிறதா? பழுதான 2.4.0 ஏற்கெனவே ஏறிவிட்ட கருவி, சர்வரில் இருக்கும் திருத்திய 2.4.0-ஐப் பார்க்கும். இரண்டும் ஒரே எண். அப்டேட் எதுவும் இல்லை என்று முடிவு செய்துவிடும். ஆக, யாருக்குத் திருத்தம் உடனடியாகத் தேவையோ அவர்களுக்கு மட்டும் அது போய்ச் சேராது. இன்னும் நிறுவாதவர்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

அடுத்த சிக்கல் புகார்களில் வரும். ஒருவர் "2.4.0-இல் பிழை இருக்கிறது" என்பார், இன்னொருவர் "2.4.0 நன்றாக ஓடுகிறது" என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். எந்தக் கோப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று கண்டுபிடிக்கவே உங்கள் நாள் போய்விடும். இடையில் சிடிஎன், பேக்கேஜ் மிரர் போன்ற கேச்கள் (கோப்பின் நகலை வைத்திருந்து கொடுக்கும் இடைச் சர்வர்கள்) பழைய கோப்பையே பல மணி நேரம் கொடுத்துக்கொண்டிருக்கும். என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியம்) பயன்படுத்துபவர்களின் லாக் கோப்பில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறி, எழுதப்பட்டிருக்கிறது. உள்ளடக்கம் மாறினால் நிறுவல் பிழையோடு நின்றுவிடும். கோ (Go) என்ற நிரல்மொழியின் செக்சம் டேட்டாபேஸும் அப்படியே.

பதிப்பு எண்களை எப்படி வைப்பது என்று வகுத்த செமான்டிக் வெர்ஷனிங் விதிமுறை இதை நேரடியாகவே சொல்கிறது: ஒரு பதிப்பு வெளியான பின் அதன் உள்ளடக்கத்தை மாற்றக் கூடாது, எந்த மாற்றமானாலும் புதிய பதிப்பாகத்தான் வர வேண்டும். என்பிஎம், பைத்தானின் களஞ்சியமான பைபிஐ ஆகிய இரண்டிலும் பழைய பதிப்பை நீக்கினால்கூட அதே எண்ணில் புதிய கோப்பை ஏற்ற முடியாது. நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் டேக்கை (ஒரு பதிப்புக்கு இடும் பெயர்க்குறி) நகர்த்தலாம். ஆனால் ஏற்கெனவே அந்த டேக்கை எடுத்துக்கொண்டவர்களின் கணினியில் பழைய டேக்தான் இருக்கும், அது தானாக மாறாது. கிட்டின் கையேடே, தவறான டேக்கைத் தள்ளிவிட்டால் வேறு பெயரில் புதிதாகப் போடுங்கள் என்றுதான் அறிவுறுத்துகிறது.

பெரிய இடங்களில் இது எப்படி நடந்தது என்று பாருங்கள். 2014 செப்டம்பர் 24 அன்று வந்த ஐஓஎஸ் 8.0.1, ஐஃபோன் 6 வகைக் கருவிகளில் மொபைல் நெட்வொர்க்கையும் டச் ஐடியையும் முடக்கியது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஆப்பிள் அதை விலக்கிக்கொண்டது. மறுநாள் வந்தது 8.0.2, 8.0.1 என்ற எண் மறுபடி பயன்படுத்தப்படவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் 2023 டிசம்பரில் 12.3 வெளிவந்துகொண்டிருந்த தறுவாயில், அதிலிருந்த லினக்ஸ் கெர்னலில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் தரவைச் சிதைக்கும் பிழை இருப்பது தெரியவந்தது. 12.3-ஐ அப்படியே கைவிட்டு டிசம்பர் 10 அன்று 12.4 வெளியிட்டார்கள். லினக்ஸ் 5.12-இன் முதல் ஆர்சி (இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு), ஸ்வாப் கோப்பு வைத்திருப்பவர்களின் வட்டையே கெடுக்கக்கூடியது என்று 2021 மார்ச்சில் கண்டுபிடித்தபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த டேக்கின் பெயரிலேயே "டோன்ட்யூஸ்" என்று சேர்த்தார், அதாவது பயன்படுத்தாதே. அந்த டேக்கிலிருந்து யாரும் பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை) பிரித்து வேலை தொடங்கிவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை.

எண்கள் தீர்ந்துபோவதில்லை. ஒன்று வீணானால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

படி 1: பரவுவதை நிறுத்துங்கள்

காரணத்தைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பிழை உண்மையா என்று ஒருவர் சோதித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் நிறுத்தலாம். தவறாக நிறுத்தினால் ஒரு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான்.

எப்படி நிறுத்துவது என்பது எந்த வழியாக வெளியிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

கூகுள் பிளேயில் படிப்படியாக விட்டிருந்தால் ரோல்அவுட்டை நிறுத்தும் வசதி இருக்கிறது. நிறுத்தினால் புதியவர்களுக்குப் போகாது. ஏற்கெனவே வாங்கியவர்களிடம் பழுதான பதிப்பு அப்படியே இருக்கும், பழைய பதிப்புக்குத் தானாகத் திரும்பாது. ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் கட்டம்கட்டமான வெளியீடு 7 நாட்களுக்கு 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று போகும். அதை இடையில் நிறுத்தி வைக்கலாம், மொத்தம் 30 நாட்கள் வரை. ஆனால் அந்தச் சதவீதம் தானியங்கி அப்டேட்டுக்கு மட்டும்தான். ஸ்டோருக்குப் போய்க் கையால் அப்டேட் அழுத்துபவருக்கு முதல் நாளே புதிய பதிப்பு கிடைத்துவிடும். நிறுத்தி வைத்த பிறகும் கிடைக்கும். நிறுத்திவிட்டோமே என்று அசட்டையாக இருக்க முடியாததற்குக் காரணம் இது.

என்பிஎம் பேக்கேஜ் என்றால் இரண்டு வேலை. "லேட்டஸ்ட்" என்ற டிஸ்ட்-டேகை (பதிப்பைச் சுட்டும் பெயர்) முந்தைய நல்ல பதிப்பான 2.3.1-க்குத் திருப்புங்கள், எண் குறிப்பிடாமல் நிறுவுபவர்களுக்கு இனி நல்ல பதிப்பு போகும். பிறகு 2.4.0-ஐ டெப்ரிகேட் செய்து (இனி பயன்படுத்த வேண்டாம் என்று குறித்து), என்ன பிழை, எதற்கு மாற வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். பைபிஐயிலும் ரஸ்ட் மொழியின் களஞ்சியமான கிரேட்ஸிலும் "யாங்க்" என்ற வசதி உண்டு: புதிதாகத் தேடுபவர்களுக்கு அந்தப் பதிப்பு கிடைக்காது, அதே எண்ணைப் பூட்டி வைத்திருப்பவர்களின் பில்ட் மட்டும் உடையாமல் ஓடும். கோ மொழியில் இதற்கு "ரிட்ராக்ட்" என்ற குறிப்பு 1.16 பதிப்பிலிருந்து இருக்கிறது. புதியவர்கள் இதில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள்: 2.4.0-ஐத் திரும்பப் பெறும் அந்தக் குறிப்பை 2.4.1-இன் மாட்யூல் கோப்பில்தான் எழுத வேண்டும். அடுத்த பதிப்பு வெளியாகும் வரை அது யாருக்கும் தெரியாது.

டாக்கர் இமேஜ் (செயலியை அதன் தேவைகளோடு கட்டிய பொதி) என்றால் "லேட்டஸ்ட்" டேகைப் பழைய இமேஜுக்கு மாற்றுங்கள். சொந்த அப்டேட் சர்வர் வைத்திருந்தால், புதிய பதிப்பு எது என்று சொல்லும் கோப்பில் 2.3.1 என்று எழுதினால் போதும். 2.4.0 வைத்திருப்பவர்கள் சிறிய எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பார்கள், இருக்க வேண்டும். எண் வேறாக இருந்தாலே இறக்கிக்கொள்ளும் வகையில் அப்டேட்டர் எழுதப்பட்டிருந்தால், அது திட்டமில்லாமல் எல்லோரையும் பின்னோக்கி இழுத்துவிடும். கோப்பை மாற்றுமுன் அந்த ஒப்பீட்டு வரியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

முழுமையாக அழிப்பது கடைசி வழி, ரகசியச் சாவியோ வேறு ஆபத்தான பொருளோ உள்ளே போய்விட்டால் மட்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜ் என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டபோது, அதைச் சார்ந்திருந்த பேபல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி உள்படப் பல திட்டங்களின் நிறுவல் உடைந்தது. அதன் பிறகுதான் நீக்குவதற்குக் கடுமையான விதிகள் வந்தன. சாவி வெளியே போயிருந்தால் நீக்குவது மட்டும் போதாது, சாவியையே மாற்ற வேண்டும்.

படி 2: சேதம் எவ்வளவு என்று எழுதுங்கள்

ஒரு தாளிலோ பகிர்ந்த ஆவணத்திலோ நான்கு வரி: எப்போது வெளியானது, எப்போது நிறுத்தினோம், ஏறக்குறைய எத்தனை பேரிடம் இருக்கிறது, என்ன கெடுகிறது. நேரங்களை யுடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதுங்கள். பின்னால் கெட்ட தரவைத் தேடிப் பிடிக்க இந்த நேரங்கள்தான் உதவும்.

கடைசி வரிதான் அடுத்த முடிவுகளை எல்லாம் தீர்மானிக்கிறது. திறந்ததும் மூடிக்கொள்ளும் செயலி எரிச்சலூட்டும், ஆனால் எதையும் கெடுப்பதில்லை. தரவைத் தவறாக எழுதும் செயலி ஒவ்வொரு நிமிடமும் சேதத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. பயனர்களுக்கு உடனே சொல்ல வேண்டியது அப்போதுதான். பாதுகாப்பு ஓட்டை என்றால் வேறு ஒழுங்கு: திருத்தம் கைக்கு வரும் வரை விவரத்தை வெளியே எழுத வேண்டாம்.

படி 3: பின்னால் போவதா, முன்னால் போவதா

உங்கள் கையில் இருக்கும் சர்வரில் ஓடும் மென்பொருள் என்றால் ரோல்பேக் செய்யலாம். பழைய பில்டை மறுபடி ஏற்றினால் முடிந்தது. பயனர்களின் கருவியில் இருக்கும் மென்பொருளுக்கு அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. ஆண்ட்ராய்டு, இருக்கும் பதிப்பின் வெர்ஷன் கோடைவிட (பதிப்புக்கு உள்ளே வைத்திருக்கும் எண்) சிறிய கோடு கொண்ட பதிப்பை மேலே நிறுவ விடாது. செயலியை நீக்கிவிட்டு நிறுவச் சொன்னால் அவர்களுடைய தரவும் சேர்ந்து போய்விடும்.

அதனால் அங்கே செய்ய வேண்டியது, பழைய சரக்கைப் புதிய எண்ணில் அனுப்புவது. 2.3.1-இன் நிரலை அப்படியே எடுத்து 2.4.1 என்று எண் போட்டு வெளியிடுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் முற்றிலும் சரியான வழி. டெபியன் பேக்கேஜ்களில் இதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது: 2.4.0+ரியலி2.3.1 என்பதுபோல எண் வைத்து, மேலே ஏறியது எண்தான், உள்ளே இருப்பது பழையதுதான் என்று காட்டுவார்கள். அங்கேயே "எபோக்" என்ற இன்னொரு கருவியும் உண்டு. எண்ணுக்கு முன்னால் 1: என்று சேர்த்தால் அது எதைவிடவும் பெரியதாகிவிடும். ஒருமுறை சேர்த்துவிட்டால் அந்தப் பேக்கேஜின் ஆயுள் முழுவதும் அதைச் சுமக்க வேண்டும் என்பதால் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

சர்வரிலும் ரோல்பேக் எப்போதும் எளிதல்ல. டேட்டாபேஸ் மைக்ரேஷன் (அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் வேலை) ஒன்று ஓடிவிட்டதா என்று முதலில் பாருங்கள். அட்டவணையில் முழுப்பெயர் என்றிருந்த ஒரு நெடுவரிசையை 2.4.0 இரண்டாகப் பிரித்து, பழைய நெடுவரிசையை நீக்கிவிட்டது என்று வையுங்கள். 2.3.1-ஐ மறுபடி ஏற்றினால், இல்லாத நெடுவரிசையைத் தேடி அது முதல் வினவலிலேயே விழுந்துவிடும். இப்படிப்பட்ட மாற்றத்தை மூன்று ரிலீஸ்களாகப் பிரிப்பதே பாதுகாப்பு: முதலாவது புதிய நெடுவரிசைகளைச் சேர்த்து இரண்டிலும் எழுதும், இரண்டாவது புதியதிலிருந்து மட்டும் படிக்கும், எல்லாம் நிலைத்த பிறகு மூன்றாவது பழையதை நீக்கும். பழையதை நீக்கும் மூன்றாவதற்கு முன்பு வரை ஒரு படி பின்னால் போகலாம்.

எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று உறுதியாகத் தெரியாமல் ரோல்பேக் பொத்தானை அழுத்தக் கூடாது. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததை இதற்காகவே இன்றும் சொல்கிறார்கள். 8 சர்வர்களில் 7-இல் மட்டும் புதிய நிரல் ஏறியிருந்தது. எட்டாவதில் கிடந்த, பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய நிரல், மறுபயன்பாட்டுக்கு எடுத்த ஒரு கொடியால் (ஒரு வசதியை இயக்கவோ நிறுத்தவோ வைக்கும் குறி) விழித்துக்கொண்டு ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. பதற்றத்தில் அவர்கள் மற்ற 7 சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்க, அவையும் எட்டாவதைப்போலவே நடந்துகொண்டன. ஏறக்குறைய 45 நிமிடங்களில் 44 கோடி டாலர் அளவுக்கு இழப்பு.

படி 4: எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

எண்ணில் மூன்று இடங்கள்: முதலாவது பழையதோடு பொருந்தாத மாற்றத்துக்கு, இரண்டாவது புதிய வசதிக்கு, மூன்றாவது திருத்தத்துக்கு. 2.4.0-இல் பிழை என்றால் அடுத்தது 2.4.1. அதிலும் பிழை இருந்தால் 2.4.2. ஒரே நாளில் மூன்று எண் போனாலும் குறைவில்லை.

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கோட்டுக்குறியில்தான். 2.4.0-ஃபிக்ஸ்டு என்று பெயர் வைத்தால் "திருத்திய 2.4.0" என்று மனிதர்களுக்குப் புரியும். செமான்டிக் வெர்ஷனிங்கில் எண்ணுக்குப் பின் வரும் கோட்டுக்குறி, முன்வெளியீடு என்று பொருள்படும். ஆல்ஃபா, பீட்டா, ஆர்சி எல்லாம் அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆகவே 2.4.0-ஃபிக்ஸ்டு என்பது 2.4.0-ஐவிடச் சிறிய எண். பழுதானதை வைத்திருக்கும் எவருக்கும் அது அப்டேட்டாகவே தெரியாது. கூட்டல் குறி போட்டால் இன்னொரு வகைச் சிக்கல்: கூட்டலுக்குப் பின் வருவது வரிசையில் கணக்கிலேயே சேராது, 2.4.0+2 என்பதும் 2.4.0 என்பதும் சமம். அந்த இடம் கமிட் (கிட்டில் பதிந்த ஒரு மாற்றம்) ஒன்றின் ஹாஷைக் குறித்து வைக்கத்தான் பொருத்தம். பைத்தான் பேக்கேஜ்களில் "போஸ்ட்" என்று பின்னொட்டு உண்டு. அது விவரக் குறிப்பில் நேர்ந்த சிறு தவறுகளுக்காக வைத்தது, நிரல் திருத்தத்துக்கு அல்ல.

"பெரிய பிழை, அதனால் பெரிய எண்" என்று 3.0.0-க்குத் தாவுவதும் தவறு. என்பிஎம்மில் ^2.3.0 என்று எழுதியிருப்பவர்களுக்கு 2.3.0 முதல் 3.0.0-க்குக் கீழே வரை எதுவும் தானாக வரும். பழுதான 2.4.0 அவர்களிடம் போனது அந்த வழியாகத்தான். திருத்தமும் அதே வழியாகப் போக வேண்டும், 3.0.0 அவர்களைத் தொடவே தொடாது. 2.4.0-இல் தெரியாமல் ஒரு பழைய வசதியை நீக்கிப் பிறரின் நிரலை உடைத்துவிட்டீர்கள் என்றால், அந்த வசதியைத் திருப்பிச் சேர்த்து 2.5.0 வெளியிடுங்கள். நீக்குவதைப் பிறகு 3.0.0-இல் அறிவித்துச் செய்யலாம்.

எண்களை எண்களாகவே ஒப்பிடுங்கள், எழுத்துச் சரமாக அல்ல. சரமாகப் பார்த்தால் 2.10.0 என்பது 2.9.0-ஐவிடச் சிறியது, ஏனெனில் 1 என்ற எழுத்து 9-க்கு முன்னால் வருகிறது. ஒன்பது ரிலீஸ் வரை ஒழுங்காக ஓடிப் பத்தாவதில் நின்றுபோகும் அப்டேட்டர்களுக்கு இதுவே காரணம். யாமல் என்ற உள்ளமைவுக் கோப்பு வடிவில் மேற்கோள் குறி இல்லாமல் 3.10 என்று எழுதினால் அது தசம எண்ணாகப் படிக்கப்பட்டு 3.1 ஆகிவிடும். மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

ஆண்ட்ராய்டில் பயனர் பார்க்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் வெர்ஷன் கோடு வேறு. ஒப்பீடு நடப்பது கோடை வைத்துத்தான். 2.4.1-க்கு 20401 என்று, ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டிலக்கம் ஒதுக்குவது எளிய முறை. கூகுள் பிளே ஏற்கும் உச்சவரம்பு 210,00,00,000. ஆண்டின் கடைசி இரண்டிலக்கம், மாதம், நாள், மணி, நிமிடம் என்று பத்திலக்கத்தில் கோடு அமைக்க நினைப்பவர்கள் 2407190409 போன்ற ஒன்றைப் பெறுவார்கள். அது வரம்பைத் தாண்டிவிடுகிறது.

படி 5: திருத்தத்தைச் செய்யுங்கள், அதை மட்டும்

2.4.1-ஐ மெயின் பிராஞ்சிலிருந்து எடுக்காதீர்கள். 2.4.0-க்குப் பிறகு அங்கே அரைகுறையாக எத்தனையோ வேலைகள் வந்து சேர்ந்திருக்கும். ஒரு பிழையைத் திருத்தப் போய்ப் பத்துப் புதிய மாற்றங்களை அவசரமாக வெளியிட்டதாகிவிடும். வி2.4.0 டேக்கிலிருந்து தனிப் பிராஞ்ச் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிழையைக் காட்டும் டெஸ்ட் ஒன்று எழுதுங்கள். அது தோற்க வேண்டும். பிறகு திருத்தம், டெஸ்ட் தேற வேண்டும். முடிந்தால் திருத்தத்தை மெயினில் முதலில் சேர்த்து, பிறகு செரி-பிக் செய்து (அந்த ஒரு கமிட்டை மட்டும் நகலெடுத்து) ரிலீஸ் பிராஞ்சுக்குக் கொண்டுவாருங்கள். லினக்ஸ் கெர்னலின் ஸ்டேபிள் பிராஞ்சுகளில் இந்த ஒழுங்குதான். செரி-பிக்கில் -எக்ஸ் தெரிவைச் சேர்த்தால் மூலக் கமிட்டின் ஹாஷ் செய்தியிலேயே பதிவாகும்.

பிழை ஒரு முழு மெர்ஜிலிருந்து (ஒரு பிராஞ்சை இன்னொன்றில் சேர்த்தது) வந்தது, அதையே எடுத்துவிடலாம் என்றால், மாற்றத்தைத் திரும்ப எடுக்கும் ரிவர்ட் கட்டளைக்கு -எம் 1 கொடுக்க வேண்டும். இதில் ஒரு பொறி: பிறகு அந்தப் பிராஞ்சைத் திருத்தி மறுபடி மெர்ஜ் செய்தால், ரிவர்ட்டுக்கு முந்தைய கமிட்டுகள் திரும்ப வராது. அவை ஏற்கெனவே சேர்ந்தவை என்றே கிட் கருதுகிறது. முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்துவிட்டுத்தான் மெர்ஜ் செய்ய வேண்டும்.

படி 6: கெட்டுப்போன தரவைச் சரிசெய்வது

நிரலைத் திருத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இந்த வேலையிலேயே அடிக்கடி நடக்கும் தவறு. தேதி உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். பயனர் 15-ஆம் தேதி என்று தேர்ந்தெடுக்கிறார். 2.4.0 அதை உள்ளூர் நேரப்படி 15-ஆம் தேதி நள்ளிரவு 00:00 என்று எடுத்து, யுடிசிக்கு மாற்றி, அதன் தேதிப் பகுதியை மட்டும் சேமிக்கிறது. யுடிசிக்கு முன்னால் இருக்கும் நேர மண்டலங்களில் அந்த நொடி யுடிசியில் இன்னும் 14-ஆம் தேதி. 14 என்று பதிவாகிறது. யுடிசிக்குப் பின்னால் இருக்கும் மண்டலங்களில் அதே நொடி யுடிசியில் 15-ஆம் தேதிதான். அங்கே பிழை தெரியவே தெரியாது. பாதிப் பேர் புகார் சொல்ல, பாதிப் பேர் மறுப்பது இதனால்தான்.

2.4.1 இனிமேல் சரியாக எழுதும். ஏற்கெனவே 14 என்று விழுந்த பதிவுகள் 14 ஆகவே இருக்கும். அவற்றுக்கு ஒரு நாள் கூட்ட வேண்டும், ஆனால் எல்லாப் பதிவுகளுக்கும் கூட்டிவிட முடியாது. 2.3.1 எழுதியவை சரியானவை. பின்தங்கிய நேர மண்டலத்தில் 2.4.0 எழுதியவையும் சரியானவை. ஒவ்வொரு பதிவிலும் எந்தப் பதிப்பு எழுதியது, அப்போது நேர மண்டலம் எது என்ற இரண்டு நெடுவரிசைகள் இருந்தால் இது ஐந்து வரி வேலை. இல்லையென்றால் பதிவு உருவான நேரத்தை, அந்தக் கருவியில் 2.4.0 நிறுவிய நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் பிரிக்க வேண்டும். அந்த நெடுவரிசைகளை இன்றே சேர்த்து வையுங்கள். அடுத்த முறை உதவும்.

சரிசெய்யும் நிரல் இரண்டு முறை ஓடினாலும் ஒரே விளைவு வர வேண்டும். பாதியில் கருவி அணைந்துபோய் மறுபடி தொடங்கினால் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் கூடிவிடக் கூடாது. ஒவ்வொரு பதிவையும் திருத்தும் அதே பரிவர்த்தனையில் "திருத்தியாயிற்று" என்ற குறியையும் எழுதினால் போதும். தொடங்குமுன் பழைய மதிப்புகளை ஒரு தனி அட்டவணையில் நகலெடுத்து வையுங்கள்.

இப்போது சோதனை. 2.3.1-இலிருந்து 2.4.1, புதிதாக நிறுவிய 2.4.1, இன்னும் பழைய 2.2-இலிருந்து 2.4.1: இவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். விட்டுப்போவது, 2.4.0-இல் கெட்ட தரவோடு இருக்கும் கருவியில் 2.4.1 ஏறும் பாதை. அதற்கு உண்மையாகவே 2.4.0-ஐ நிறுவி, பத்துப் பதிவு போட்டு, பிறகு அப்டேட் செய்து பார்க்க வேண்டும். பழுதான பில்டை அழிக்காமல் உள்ளே பத்திரமாக வைத்திருக்க இதுவே காரணம்.

படி 7: மறுபடி வெளியே, இம்முறை மெதுவாக

எண் எத்தனை இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்: பேக்கேஜ் கோப்பு, "பற்றி" திரை, இன்ஸ்டாலர், ஆவணம். ஒரே இடத்தில் எழுதி மற்றவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். இறுதிக் கோப்பை நிறுவித் திரையில் 2.4.1 தெரிகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே வெளியிடுங்கள். உள்ளே 2.4.0 என்றே இருந்துவிட்டால் அப்டேட்டர் முடிவில்லாமல் இறக்கிக்கொண்டே இருக்கும்.

1 சதவீதம், பிறகு 10, பிறகு 50, பிறகு முழுவதும். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாளாவது விடுங்கள். தினமும் ஒருமுறை மட்டும் திறக்கும் பயனர்களும் அப்போதுதான் கணக்கில் வருவார்கள். கிராஷ் விகிதத்தைப் பூஜ்யத்தோடு ஒப்பிடாமல் 2.3.1-இன் விகிதத்தோடு ஒப்பிடுங்கள். ஆப் ஸ்டோரில் அவசரத் திருத்தம் என்றால் விரைவுப் பரிசீலனை கேட்கலாம், காரணத்தைத் தெளிவாக எழுதினால்.

நிரல் மட்டுமல்ல, உள்ளமைவுக் கோப்புகளும் இதே வரிசையில்தான் போக வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பியது புதிய மென்பொருள் பதிப்பு அல்ல, ஓர் உள்ளடக்கக் கோப்பு. யுடிசி நேரம் 04:09-க்குப் போனது, 05:27-க்கு மாற்றப்பட்டது. அந்த 78 நிமிடத்தில் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. திருத்திய கோப்பு தயாராக இருந்தும், நீலத்திரையில் சுழன்றுகொண்டிருந்த பல கணினிகளால் அதை இறக்கிக்கொள்ளும் அளவுக்குக்கூட எழுந்திருக்க முடியவில்லை. சேஃப் மோடில் ஏற்றி, கையால் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. உங்கள் செயலியிலும் அப்டேட் பார்க்கும் பகுதி மற்ற எதற்கும் முன்னால், தனியாக ஓடட்டும். தொடங்கும்போதே தொடர்ந்து மூன்று முறை விழுந்தால் மற்றவற்றை ஏற்றாமல் அப்டேட்டை மட்டும் தேடும் ஒரு வழி வைத்துவிட்டால், இப்படிப்பட்ட நாளில் அது உங்களைக் காப்பாற்றும்.

படி 8: என்ன நடந்தது என்று எழுதுங்கள்

"பல்வேறு பிழைகள் திருத்தப்பட்டன" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. தன் தரவு பாதிக்கப்பட்டதா, தான் ஏதாவது செய்ய வேண்டுமா என்ற இரண்டுக்கும் பதில் வேண்டும்:

"2.4.1. 2.4.0-இல் புதிதாகச் சேர்த்த பதிவுகளின் தேதி சில நேர மண்டலங்களில் ஒரு நாள் முந்திச் சேமிக்கப்பட்டது. இப்பதிப்பு அதைத் திருத்துகிறது. முதல்முறை திறக்கும்போது பாதிக்கப்பட்ட பதிவுகளையும் தானாகச் சரிசெய்யும். 2.4.0-இல் நீங்களே கையால் தேதியைத் திருத்தியிருந்தால் அந்தப் பதிவு மாற்றப்படாது. 2.3.1 அல்லது அதற்கு முந்தையதைப் பயன்படுத்துபவர்களுக்குப் பாதிப்பில்லை."

மாற்றப் பதிவேட்டில் 2.4.0-இன் பகுதியை நீக்காதீர்கள். அதன் தலைப்பில் "திரும்பப் பெறப்பட்டது, 2.4.1 பார்க்க" என்று சேர்த்து அப்படியே வைத்திருங்கள்.

படி 9: மெயினுக்குத் திரும்பிப் போங்கள்

ரிலீஸ் பிராஞ்சில் செய்த திருத்தம் மெயினில் இல்லாமல் போய், 2.5.0-இல் அதே பிழை திரும்ப வருவது வழக்கமான நிகழ்வு. கமிட்டின் ஹாஷை வைத்துத் தேடினால் ஏமாறலாம், செரி-பிக் செய்த கமிட்டுக்கு வேறு ஹாஷ். படி 5-இல் எழுதிய டெஸ்ட் மெயினில் இருக்கிறதா, தேறுகிறதா என்று பாருங்கள்.

தரவைச் சரிசெய்யும் நிரலும் மெயினுக்குப் போக வேண்டும், அடுத்தடுத்த பதிப்புகளிலும் தொடர வேண்டும். 2.4.1-ஐத் தாண்டி நேராக 2.6-க்குப் போகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். 2.4.0 ஏறிய நிலையில் அலமாரிக்குள் போன ஒரு பழைய டேப்லெட், எட்டு மாதம் கழித்துச் சார்ஜ் ஏறி எழுந்து, அன்றைய பதிப்புக்குத் தாவும். அதன் பதிவுகளும் அப்போது சரியாக வேண்டும். அதனால் அந்த நிரலை 3.0.0 வரையாவது வைத்திருங்கள். எந்தப் பிழைக்காக, எந்தப் பதிப்பு எழுதிய பதிவுகளுக்காக அது அங்கே இருக்கிறது என்று மேலே ஒரு வரி குறிப்பும் எழுதுங்கள்; தேவையற்றது என்று யாரும் துடைத்துப் போட்டுவிடாமல் இருக்கும்.